சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் பயம். உங்கள் கையில் இருக்கும் கருவிகளைப் பார்த்துப் பொறாமை. அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டதும் உங்கள் முகத்தில் வருகிறதே ஒரு சிரிப்பு, அதைப் பார்த்துப் பயம். அந்தச் சிரிப்பு என் முகத்திலும் வந்ததுதான். அது எப்போது நின்றது என்பதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி அது. இந்த வேலைக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. ஒரு முதலாளி எழுத்தில் அனுமதி கொடுப்பார், அவருடைய கம்ப்யூட்டரை நாங்கள் உடைத்துப் பார்ப்போம், எங்கே உடைந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டு வருவோம். எங்களுக்குள் அதைப் 'பூட்டு பார்க்கிற வேலை' என்று சொல்லிக்கொள்வோம். புதுச்சேரி டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம் இருந்தது. எல்லாருமே புரோகிராம் எழுதுகிறவர்கள்தான். இந்த மாதிரி வேலை எப்போதாவது வந்தால் என்னையும் எங்கள் சீனியரையும் அனுப்புவார்கள்.

சீனியரின் பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது, திட்டினாலும் பிடிக்காது. என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர், மூலக்குளத்துக்காரர். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். 'அனுமதித் தாள் எங்கே' என்பதுதான் அவர் காலையில் கேட்கும் முதல் கேள்வி. அந்தத் தாளில் இல்லாத ஒரு பட்டனைக்கூட அழுத்த விடமாட்டார். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

ஒரு கோடையில் திருவாண்டார்கோயில் பக்கமிருந்த ஒரு நூற்பாலையிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த ரோட்டில் அப்போது மில்லும் கம்பெனியுமாக வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம், எந்த மில் என்று கேட்காதீர்கள். வில்லியனூர், அரியூர் தாண்டி விழுப்புரம் ரோட்டில் பஸ்ஸில் போக வேண்டும். போகிற வழியெல்லாம் கரும்பு. பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் தெரிந்தது மில் கேட் இல்லை. கேட்டுக்கு எதிரே சைக்கிள்களோடு நின்ற ஒரு கூட்டம். யாரும் கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அவர்கள் எல்லாரும் பதிலிகள். பதிலி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத ஷிப்டில் அவருக்குப் பதிலாக வேலை செய்கிறவர். தினமும் கேட்டில் வந்து நிற்க வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யார் அதிக நாள் வேலை செய்திருக்கிறார்களோ அவர்களை முதலில் நிரந்தரம் செய்வார்கள். அந்த வரிசையை அதுவரை ஒரு குமாஸ்தா கையால் எழுதிவந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் வரிசை அதற்குள் போய்விட்டது. கம்ப்யூட்டர் வேண்டியவன் வேண்டாதவன் பார்க்காது என்று சொல்லித்தான் தொழிலாளர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

தை மாதம் நிரந்தரம் ஆனவர்களின் பெயர்களை ஒட்டியபோது வரிசை கலைந்திருந்தது. பின்னால் இருந்த சிலர் முன்னால் வந்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் கீழே போயிருந்தார்கள். கீழே போனவர்களில் ஒருவர் கலியபெருமாள். பாகூர்ப் பக்கத்துக்காரர். நிலத்தை விட்டுவிட்டு மில்லை நம்பி வந்தவர், இந்த வருடம் நிச்சயம் என்று பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தவர். பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள் என்று அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பழைய கணக்கை எடுத்துப் பார்த்தது அதற்கு அப்புறம்தான். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அதன் பிறகுதான் மில்லில் யார் இதைச் செய்தது என்று தேட ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. வரிசை மாற்றப்பட்ட நாள், ஆயுதபூஜை. மாற்றியவர் பெயர், அன்வர். கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டர்.

மில்லில் ஆயுதபூஜை என்றால் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத்தான் தெரியும். எல்லா மெஷினும் நிற்கும். ஆறு மாதப் பஞ்சுத் தூசியைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு போவார்கள். பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். கம்ப்யூட்டர் அறையிலும் அதே முறைதான். ஒரே ஒரு வித்தியாசம். கற்பூரம் காட்டும்போது திரை உயிரோடு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் அங்கே வேலை செய்த நான்கு பேரும், அதாவது பிரிவுத் தலைவரும் அன்வரைச் சேர்த்து மூன்று ஆபரேட்டர்களும், அவரவர் பெயரில் உள்ளே நுழைந்து திரையை ஒளிர விட்டு, கீபோர்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் அந்த அறையை அப்படியே விட்டுவிட்டும் போக முடியாது. ஏசி நின்றால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும். யாராவது ஒருவர் உட்கார வேண்டும். ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்தவர் அன்வர். வில்லியனூர்க்காரர், கடைத்தெருவில் அவர் அப்பா லுங்கி, துண்டு விற்கும் கடை வைத்திருந்தார். ஆயுதபூஜைக்கு இவர் அவர்களுக்காக உட்காருவார். ரம்ஜானுக்கு அவர்கள் இவருக்காக உட்காருவார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த ஏற்பாடு இல்லை. நாலு பேர் ஒரே அறையில் ஒன்றாகச் சாப்பிட்டதில் தானாக வந்தது. அந்த ஏற்பாடுதான் அவர் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றது.

மில் முதலாளி எங்களை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் வெளி ஆட்கள் யாராவது கம்ப்யூட்டரைச் சோதித்து, வேறு வழியாக யாரும் உள்ளே போக முடியாது என்று எழுதிக் கொடுத்தால் நல்லது என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். எங்களிடம் அவர்கள் எதிர்பார்த்தது அந்த ஒரு வரி. அதற்காகவே உடைத்துப் பார்க்க அனுமதித் தாள் எழுதித் தந்தார்கள். நாங்கள் கண்டதை மில் நிர்வாகத்தைத் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வரியும் அதில் இருந்தது. அது எங்கள் சீனியர் எல்லா ஒப்பந்தத்திலும் வழக்கமாகச் சேர்க்கிற வரி.

தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அன்றைக்கு உள்ளே இருந்தது அவன் ஒருத்தன், கம்ப்யூட்டரில் இருப்பது அவன் பெயர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். திரைகள் நான்கும் திறந்துதானே கிடந்தன, வேறு யாராவது வந்து தட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"பூஜ போட்ட மெஷின்ல நம்ம ஆளுங்க கை வைக்க மாட்டாங்க மேடம். அவனுக்கு இன்னா சாமி, இன்னா சந்தனம்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் ரோடு நனையும் என்கிற மாதிரி சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சாந்தமான முகம். அவர் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

வேலையை ஆரம்பித்தோம். என்னென்ன செய்தோம் என்பதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. நீங்கள் கற்பனை செய்யும் எல்லா வழியிலும் போய்ப் பார்த்தோம். அந்தக் கம்ப்யூட்டரை நிறுவியவர்கள் நன்றாகவே நிறுவியிருந்தார்கள். இன்னொருவர் பெயரில் உள்ளே போக முடியவில்லை. வரிசை இருந்த இடத்தைத் திறக்க முடியவில்லை. மற்ற இடங்களில் ஒரு பூட்டு திறக்காவிட்டால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு பூட்டு திறக்காதபோதும் ஒரு ஆள் ஜெயிலுக்கு ஒரு அடி பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீனியரிடம் அதைச் சொன்னேன். நீ என்ன அவனுக்கு வக்கீலா, பூட்டைப் பார், ஆளைப் பார்க்காதே என்று வள்ளென்று விழுந்தார்.

ஆளைப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்ன அன்றைக்கே ஆளைப் பார்த்துவிட்டேன். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. பதிலிகள் எல்லாரும் ஒரு பக்கமாக நிற்க, இன்னொரு ஓரத்தில் தனியாக ஒருவர் நின்றிருந்தார். உதடு கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது. கலியபெருமாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போன இடத்தில் அடித்திருந்தார்கள். அடித்தவர்களில் இரண்டு பேர் அன்வரின் கல்யாணத்துக்கு வந்து பிரியாணி பரிமாறியவர்கள் என்று பின்னால் தெரிந்தது.

அவரே வந்து பேசினார். கெஞ்சவில்லை. அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்ததாகச் சொன்னார். கீபோர்டைத் தொட்டீர்களா என்றேன்.

"வருசா வருசம் சொல்லிட்டுப் போவாங்க மேடம், 'அன்வரு, பொட்டு கலையாம பாத்துக்கப்பா'ன்னு. நான் கிட்டகூடப் போவ மாட்டேன். அவங்க சாமின்னு வச்சத நான் எதுக்குத் தொடப்போறேன்? மறுநாளு வந்து பாத்தவங்களக் கேளுங்க, ஒரு பொட்டுகூடக் கலையல."

உண்மையிலேயே கலையவில்லை. மறுநாள் வந்து கீபோர்டைத் துடைத்த ஆபரேட்டரைக் கேட்டேன். பொட்டு நேற்று வைத்த மாதிரியே காய்ந்து கிடந்தது என்றார். அப்படியானால் அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் அறையில் நின்றபோதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நாங்கள் இவ்வளவு நாளும் யார் தொட்டார்கள் என்றே தேடிக்கொண்டிருந்தோம். யாருமே தொடாமல் நடந்திருந்தால்? அந்த வகைக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. இன்றைக்கு ஒரு உத்தரவை எழுதி, நாளைக்கு இத்தனை மணிக்கு இதைச் செய் என்று வைத்துவிட்டுப் போகலாம். வீட்டில் கடிகாரத்துக்கு அலாரம் வைக்கிற மாதிரிதான். அந்த நேரம் வந்ததும் அது தானாகச் செய்யும், செய்து முடித்ததும் உத்தரவை அழித்துவிடும். மிச்சம் எதுவும் இருக்காது.

அதை முதலில் ஒதுக்கியிருந்தோம். காரணம், எழுதியவர் பெயரில்தான் அந்த உத்தரவு ஓடும். மறுபடி உட்கார்ந்து பார்த்தபோது ஓட்டை தெரிந்தது. ஒருவர் எழுதியதை, 'இது இன்னாருடையது' என்று இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட அந்தக் கம்ப்யூட்டர் அனுமதித்தது. வாங்கிக்கொள்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காது. நீங்கள் எழுதிய கடிதத்தில் அடுத்த வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுத் தபால் பெட்டியில் போட்டால் தபால்காரர் என்ன கேட்கவா போகிறார்? முந்தின நாள் அந்த அறையில் உட்கார்ந்த நான்கு பேரில் யார் வேண்டுமானாலும் அன்வர் பெயரில் உத்தரவை எழுதி வைத்துவிட்டு, மறுநாள் குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு கற்பூரம் காட்டியிருக்கலாம். பூஜை போட்ட மெஷினில் கை வைத்த பாவம்கூட இல்லை.

எனக்கு அப்போது வந்தது உங்களுக்கு வரும் அதே சிரிப்பு. உடனே செய்துபார்க்கக் கையை வைத்தேன். சீனியர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு உள்ளே சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அனுமதித் தாளில் வேலை நேரத்துக் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்று எங்கே இருக்கிறது, ஏதாவது கெட்டு மில் முழுக்கச் சம்பளம் நின்றால் நாளைக்கு இன்னொரு கலியபெருமாளுக்கு நீ பொறுப்பா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, வாராந்தர விடுமுறையில், மில் ஓடாத நேரத்தில் காட்டுவதென்று முடிவாயிற்று.

காட்டும் நாளில் முதலாளி, வக்கீல், பர்சனல் ஆபீசர், பிரிவுத் தலைவர், மற்ற இரண்டு ஆபரேட்டர்கள் எல்லாரும் அந்த அறையில் இருந்தார்கள். அன்வரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே வாட்ச்மேன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சீனியர் முன்கூட்டியே எதையும் விளக்கவில்லை. ஒரு பொய்ப் பெயரை வரிசையில் சேர்த்துத் திரையில் காட்டினார். எல்லாரும் கையை முழங்கால் மேல் வைத்துக்கொள்ளுங்கள், என்னையும் சேர்த்து யாரும் எதையும் தொடப் போவதில்லை, இந்தப் பெயர் தானாக மேலே போகும் என்றார். அவ்வளவுதான்.

காத்திருந்தோம். முதலாளி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் சீனியரின் கைகளையே பார்த்தார், ஏதோ வித்தைக்காரன் கையைப் பார்ப்பதுபோல. பர்சனல் ஆபீசர் கண்ணாடி வழியாக அன்வரைப் பார்த்தார், அவன் அங்கிருந்தே ஏதாவது செய்கிறானா என்று. ஆபரேட்டர்கள் இருவரும் கீபோர்டைப் பார்த்தார்கள். பிரிவுத் தலைவர் மட்டும் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்த்தார்.

நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அந்த அறையில் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பெயர் மேலே போயிற்று. சீனியர் எழுந்து, யார் மாற்றியது என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். திரையில் அன்வர் என்று வந்தது. முதலாளி கண்ணாடி வழியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அன்வர் வாட்ச்மேனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிந்தது, ஆள் பிழைத்தார் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும். வக்கீல்தான் முதலில் பேசினார். இந்த வழியில் யார் செய்திருக்கலாம் என்றார். முந்தின நாள் அந்த அறையில் உட்கார்ந்த யாரும் என்றார் சீனியர். அன்வரும்தானே என்றார் வக்கீல். அன்வரும்தான் என்றார் சீனியர்.

"அப்ப அவர் செய்யலன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

நான் வாயைத் திறந்தேன். கடிகாரம் என்று சொல்லத்தான். சீனியர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். நீங்களும் பார்த்தீர்கள்தானே என்றேன். பார்த்தேன் என்றார். அப்படியானால் எழுதுங்கள் என்றேன். மரியாதையெல்லாம் மறந்து கத்தினேன். அவர் கத்தவில்லை. எதற்கும் கத்துகிற மனிதர் அன்றைக்குக் கத்தவில்லை.

"பூஜ மெஷினத் தொட்டிருப்பான்னு அவனப் புடிச்சாங்க. கடியாரத்தப் பாத்தான்னு இவனப் புடிக்கச் சொல்ற. ரெண்டுக்கும் இன்னாம்மா வித்தியாசம்? நமக்குக் குடுத்தது மெஷினத் தெறந்து பாக்க. மனுசனத் தெறந்து பாக்க இல்ல."

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். அவர் சொன்னது சரி என்று என் புத்தி சொல்கிறது. என் மனசு இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் அறிக்கையில் ஓட்டையும், அது எப்படித் திறந்தது என்பதும், அதை யார் பயன்படுத்தினார்கள் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது என்பதும் இருந்தன. கடிகாரம் இல்லை.

போலீஸ் புகார் நின்றது. அந்த அளவுக்கு நாங்கள் செய்த வேலை பலித்தது. ஆனால் அன்வரைத் திரும்பச் சேர்த்தால் தொழிலாளர்கள் மில்லை நிறுத்திவிடுவார்கள் என்று அவரிடமிருந்து ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அறிக்கை முதலாளியின் பீரோவுக்குள் போய்விட்டது. நான் சீனியரையும் இழுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு வரி போடுங்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் ஓட்டை இருந்தது, யார் செய்தது என்று தெரியவில்லை, அவ்வளவு போதும் என்றேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அந்த வரியை ஒட்டினால் நாளைக்கு ஒவ்வொரு தொழிலாளியும் தன் சம்பளச் சீட்டைச் சந்தேகப்படுவான், தன் வரிசையைச் சந்தேகப்படுவான், ஒருத்தனுக்காக மில்லை மூட முடியாது என்றார். பிறகு எங்கள் ஒப்பந்தத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வரியில் விரலை வைத்தார். எங்கள் வரி, எங்கள் கையெழுத்து. சீனியரின் முகம் அன்றைக்குப் போன மாதிரி நான் பார்த்ததே இல்லை.

அவர்கள் கதவைத் தாழ்ப்பாள் போட்டது எங்கள் தாழ்ப்பாளால்தான்.

சில வாரம் கழித்து வில்லியனூர் கடைத்தெருவில் அன்வரின் அப்பா கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்றால் போகாமல் இருக்க முடியவில்லை. ஷிப்டு விட்டு வரும் மில் ஆட்கள் லுங்கி வாங்கும் கடை அது. கூட்டம் எதிர்க்கடையில் நின்றது. இந்தக் கடையில் பெரியவர் மடித்த லுங்கியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். அன்வர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கலர் சோடா வாங்கிவரச் சொல்லி அப்பாவை எழுப்பப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன்.

மெஷின் என்ன சொன்னது என்று கேட்டார். கேஸ் இல்லை என்றேன். அது தெரியும், மெஷின் என்ன சொன்னது என்று மறுபடி கேட்டார்.

"நான் பண்ணலன்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம் மேடம், எனக்கே தெரியும். அதோ நிக்கிறாங்க பாருங்க, அவங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. கலியபெருமாள் சம்சாரம் தெனமும் இந்தப் பக்கம்தான் பஸ் ஏறுது. என்னப் பாத்து மண்ண வாரி எறியுது. அதுக்காவது சொல்லுங்க."

நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். பத்தடி இருக்கும். எழுந்துபோய்ச் சொல்லிவிட்டால் என் வேலை போகும், நிறுவனத்தின் மேல் வழக்கு வரும், மேல்மாடியில் வேலை பார்த்த ஏழெட்டுப் பேரின் குடும்பமும் தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் இவர் இந்த ஊரில் இருக்க முடியாது. உங்களில் யாராவது இதை எளிதாகத் தீர்த்துவிடுவேன் என்று நினைத்தால், இந்த வேலையை விட்டு இன்றைக்கே போய்விடுங்கள்.

பெரியவர்தான் முடித்து வைத்தார். லுங்கியை மடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"உடுப்பா. அவங்களுக்கு சொல்ல முடியாத இடம் போலக்கீது. அவங்க சோத்துல நாம ஏன் மண்ணப் போடணும்."

அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழைக்காலம் வருமுன்னே அவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் ஒப்பந்தங்களில் ஒரு பத்தி கூடியது. சீனியரே எழுதினார். சோதனையின் முடிவால் ஒரு ஆளின் பெயர் கெட்டிருந்தாலோ கெடுமென்றாலோ, அந்த ஆளிடமும் அவர் யாரைச் சொல்கிறாரோ அவர்களிடமும் முடிவைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. இதற்கு ஒப்புக்கொள்ளாததால் நிறைய வேலை கைவிட்டுப் போயிற்று. சீனியர் கவலைப்படவில்லை. எதை உடைக்கலாம் என்று எழுதி வாங்க நீங்கள் எல்லாரும் கற்றுக்கொள்வீர்கள், அது சுலபம். உடைத்ததை யாரிடம் சொல்லலாம் என்று உள்ளே கால் வைக்கும் முன்பே எழுதி வாங்குங்கள். உள்ளே போன பிறகு அந்தப் பேச்சுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த வருடம் ஆயுதபூஜை அன்று காலை, மில் ஓடாத நேரத்தில், ஓட்டையை அடைத்தாயிற்றா என்று பார்க்க மறுபடி அந்த மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. அடைத்திருந்தார்கள், நன்றாகவே அடைத்திருந்தார்கள். பூஜை நேரமாகிவிட்டதால் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கீபோர்டுகளில் பொட்டு வைத்திருந்தார்கள். ஏசிக்குப் பக்கத்தில் அன்வர் உட்கார்ந்து பேப்பர் படித்த நாற்காலியில் பொரி மூட்டையை வைத்திருந்தார்கள்.

பிரிவுத் தலைவர் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடி, வாய் முணுமுணுக்க, உருகித்தான் காட்டினார். அந்த பக்தி பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் கையை நீட்டவில்லை. இன்றைக்கு நீங்கள் எல்லாரும் போன பிறகு இங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"பூட்டிட்டுப் போயிடுவோம் மேடம்" என்றார். கற்பூரம் அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, ரொம்ப இயல்பாகச் சொன்னார். "முன்ன மாரி நம்பி உட்டுட்டுப் போற ஆளு இப்ப இல்லியே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. கற்பூரத்தை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டார். இதுவும் சாட்சி இல்லை. இதையும் எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. திருநீறு எடுக்காமல் வெளியே வந்து, கேட்டில் பொரி கடலைக்காகக் காத்து நின்ற பதிலிகளைத் தாண்டி பஸ் ஏறினேன்.